மெழுகுவர்த்தி அணையாத இடம்

அன்னூர் சாலையில் நாங்கள் கட்டிவரும் வீட்டின் பின்புறம், வெளியே ஒரு சமையலறை வேண்டும் என்று முடிவானதும் நான் ஒரு பட்டியல் போட்டேன். முதல் வரி, காற்றின் திசை. இரண்டாவது, தண்ணீர். மூன்றாவது, கழிவுநீர் போகும் வழி. அடுப்பு ஒன்பதாவது வரியில்தான் வந்தது. பட்டியலை வாங்கிப் பார்த்த கணவர், "அடுப்படிப் பட்டியல்ல அடுப்பு ஒம்பதாவதா?" என்று கேட்டுச் சிரித்தார். நூற்பாலைகளுக்குக் காற்றோட்ட அமைப்புகளை வடிவமைப்பது என் வேலை. வேலைப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை. உண்மையில் காற்று என் பட்டியலில் முதல் வரிக்கு ஏறியது பதினோரு வயதில், எங்கள் பொடக்காளியில், கொட்டாங்குச்சிக்குள் நட்ட ஒரு மெழுகுவர்த்தியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில்.

பொடக்காளி என்று எங்கள் பக்கம் சொல்வது வீட்டின் பின்பக்கத்துக் காலியிடத்தை. அப்போது நாங்கள் கருமத்தம்பட்டியில் இருந்தோம். வடக்குப் பார்த்த வீடு. முன்னால் சாலை, மேற்கே தடுப்பே இல்லாமல் சோளக்காடு, கிழக்கே பெரியப்பா வீடு. எங்களுக்கு ஒரு தறிக்கூடம், பெரியப்பாவுக்கு ஒரு தறிக்கூடம். இரண்டும் ஓடும்போது பேசுவதானால் கத்திப் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தறிகள் நிற்கும். அன்றைக்கு மாதா கோவிலில் பூசை முடிந்து வீடு திரும்பினால் காது அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும்.

எனக்கு ஒன்பது வயதானபோது அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிந்தார்கள். காரணத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாத்திரங்களை எழுத மட்டும் என்னை உட்காரவைத்தார்கள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. ஒரு தாளின் நடுவில் கோடு கிழித்தேன். இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் பெரியப்பா வீடு. அண்டா ஒரு பக்கம் வந்தால் அதற்கு ஈடாகக் கொப்பரை மறுபக்கம் போக வேண்டும். எண்ணிக்கை இரண்டு பக்கமும் சரியாக வந்ததில் எனக்கு மிகுந்த பெருமை. அந்தப் பெருமையோடுதான் சந்தகை பிழியும் இரும்பு அச்சை இடப்பக்கமும், அறுபது இட்லி ஒரே தடவையில் வேகும் பெரிய இட்லிக் குண்டாவை வலப்பக்கமும் எழுதினேன்.

சந்தகை சாப்பிட்டவர்களுக்கு நான் செய்த காரியம் விளங்கியிருக்கும். புழுங்கலரிசி மாவை இட்லியாக வேகவைத்து, ஆவி பறக்கும்போதே அச்சில் போட்டு நூல்நூலாகப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் இறுகிவிடும், அச்சு இறங்காது. குண்டாவும் அச்சும் ஒரே இடத்தில் இருந்தால்தான் அது சந்தகை. பாகம் பிரிந்த பிறகு அம்மா ஒரு தடவை எங்களுடைய சின்னக் குண்டாவில் முயன்று பார்த்தார். இரண்டாவது ஈடு வேகுவதற்குள் முதல் ஈடு கல்லாகிவிட்டது. அச்சின் இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு அம்மா ஊஞ்சலில் தொங்குவதுபோல் தொங்கினார். ஒரு நூல் இறங்கவில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் உதிர்த்து உப்புமாவாகத் தின்றோம். அதற்குப் பிறகு அச்சு பரணுக்குப் போய்விட்டது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஹாலோ பிளாக்கில் மதில் எழும்பியது. ஐந்தடி எட்டு அங்குலம். நானே அளந்தது. அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் நிறுத்தியதால் அம்மாவும் பெரியம்மாவும் நிறுத்த வேண்டியிருந்தது. கோவிலில் பெண்கள் பக்கம் மட்டும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டிருப்பார்கள். பூசை முடிந்த பிறகும் அவர்களுடைய செபம் கொஞ்சம் நீளும். அம்மாவுக்குப் பக்தி அதிகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து அப்பா வீட்டைப் புதுப்பித்தார். சமையலறைக்குக் கறுப்புக் கிரானைட், வெள்ளை டைல்ஸ், புகை இழுக்கும் சிம்னி. அம்மா வடை சுட்டால் அப்பா ஒரு துணியோடு பின்னாலேயே நின்றார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த அம்மா, "ஏனுங்க, இத நீங்க கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிக்குங்க. எனக்குப் பொடக்காளில ஒரு அடுப்படி கட்டிக் குடுத்துருங்க" என்றார்.

அப்பா உடனே ஒத்துக்கொண்டார். சுவர் பிழைத்தது என்ற நிம்மதியாக இருக்கலாம். கோடை விடுமுறையில் என்னுடைய ஜியாமெட்ரி பாக்ஸ் சும்மா கிடப்பதைப் பார்த்து, "கண்ணு, நீயே பிளான் போட்டுக் குடு. திங்கக்கிழம கொத்தனார் வாராரு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தறிக்கூடத்திலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு, கிராஃப் தாளும் பென்சிலுமாக இரண்டு நாள் பொடக்காளியிலேயே கிடந்தேன். குழாய், துவைக்கிற கல், முருங்கை மரம், கொடிக்கயிறு, கோழிக்கூண்டு, ஒன்றையும் விடவில்லை. ஒரு சதுரத்துக்கு ஒரு அடி.

பிறகு அம்மாவிடம் தேவைகளைக் கேட்டு எழுதினேன். இரண்டு அடுப்பு கொண்ட மேடை, கடப்பா கல் பாவியது. பாத்திரம் கழுவத் தொட்டி. மேலே தகரக் கூரை. இதுவரை சரி. அதன் பிறகு அம்மா, மேடைக்குப் பக்கத்தில், மதிலை ஒட்டி, ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திட்டு வேண்டும் என்றார்.

"எதுக்குங்கம்மா?"

"வெறகு வெக்க."

"கேஸ் அடுப்புக்கு வெறகு எதுக்கு?"

"கேள்வி கேக்காம எழுது அம்மணி."

எழுதினேன். மறுநாள் சரிபார்க்கும்போது அதே கேள்வியைக் கேட்டேன். அரிசி மூட்டை வைக்க என்றார். இரண்டு பதிலையும் எழுதிக்கொண்டேன். ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது திட்டு அல்ல. மதிலை ஒட்டி என்ற சொல்தான். சமையலறையின் பின்கதவு மேற்கு ஓரத்தில் இருந்தது. குழாயும் அங்கேதான். புத்தியுள்ள யாரும் வெளி அடுப்படியை அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் வைப்பார்கள். கதவிலிருந்து அந்த இடம் ஆறு தப்படி. அம்மா கேட்ட கிழக்கு மதிலோரம் முப்பத்தொரு தப்படி. ஒரு நாளைக்கு இருபது தடவை போய்வந்தால் வருடத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தேன். இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். "மதிலோரம் கட்டுனா அம்மா ஒரு வருசத்துல திருச்சி வரைக்கும் நடக்கோணும்."

அப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. அம்மாவிடம் திரும்பினார். "கேட்டியா புள்ள? உன்னையத் திருச்சிக்கு நடக்க வெக்கச் சொல்றியா?"

"நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க" என்றார் அம்மா.

"அந்த மூலைல அப்படி என்ன இருக்குது?"

"தென்கிழக்குங்க. அடுப்புக்கு அக்னி மூலைதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஞாயித்துக்கெழம கோவிலு, திங்கக்கெழம வாஸ்துவா? சாமியாருகிட்டச் சொல்லட்டுமா?"

அம்மா சோற்றைப் பரிமாறினார். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தணிந்த குரலில், "மேக்காலக் காத்து அடிச்சா வாசம், பொகை எல்லாம் அந்தப் பக்கம் போவும். அப்பறம் அதுக்கொரு பேச்சு வரும். வேண்டாம் உடு. புள்ள சொல்ற எடமே இருக்கட்டும்" என்றார். பெரியப்பா என்றோ அண்ணன் என்றோ அவர் சொல்வதில்லை. அந்தப் பக்கம், அவ்வளவுதான்.

நான் ஜெயித்துவிட்டேன். அம்மாவைப் பார்த்தேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அடுப்படி எங்கே இருந்தால் என்ன, அதற்கு ஏன் முகம் இப்படி விழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

கை கழுவப் போகும்போது அம்மா என்னிடம் சொன்னார். "நடைய மட்டும் அளந்தாப் போதுமா கண்ணு? காத்த அளக்கோணுமில்ல? உன்ற எடத்துல அடுப்புப் பத்துமான்னு பாத்தியா?"

அது நியாயமான கேள்வி. நான் பார்க்கவில்லை. வைகாசி இரண்டாவது வாரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தொடங்கி நான்கைந்து நாள் ஆகியிருந்தது. முருங்கை கிழக்குப் பக்கமாகவே சாய்ந்து நிற்கும். அப்பாவிடம் போய், காற்றை அளக்காமல் பிளான் முடிந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்றேன். அப்பா அகலமாகச் சிரித்தார். "சரி, அளந்து பாத்துச் சொல்லு. நீ சொல்றதுதான் முடிவு. ரெண்டு பேருக்கும்."

எப்படி அளப்பது என்று அம்மாவே வழி சொன்னார். மாதா படத்துக்கு முன்னால் ஏற்றும் மெழுகுவர்த்திகளில் இரண்டை எடுத்துக்கொடுத்தார். நான் ஸ்கேல் வைத்து இரண்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டினேன். ஒரே அளவு கொட்டாங்குச்சி இரண்டு தேடி, மண் நிரப்பி நட்டேன். மேடை உயரத்துக்குச் சரியாக இருக்கும்படி இரண்டு இடத்திலும் ஹாலோ பிளாக்கை அடுக்கி, அவற்றின் மேல் வைத்தேன். இதைவிட நேர்மையான சோதனையைப் பிறகு கல்லூரி ஆய்வகத்திலும் நான் செய்ததில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் நான் எழுந்து வருவதற்குள் அம்மா போர்வை துவைத்து முடித்திருந்தார். எல்லாம் சென்னிமலைப் போர்வைகள், கனமான பருத்தி. விருந்தாளிகளுக்கு என்று பீரோவில் வைத்திருந்தவைகூடக் கொடியில் தொங்கின. கொடிக்கயிறு வீட்டின் மூலையிலிருந்து முருங்கை மரம் வரை, மதிலுக்கு இணையாக, ஏழெட்டு அடி தள்ளிப் போகும். காற்றில் பறக்காமல் இருக்கப் போர்வைகளின் கீழ் ஓரங்களில் செங்கல் வைத்திருந்தார். எனக்கு அதுவும் வேலையாயிற்று. படம் முழுமையாக இருக்க வேண்டுமே. தாளை விரித்து, போர்வைகளை வரைந்து, எண்ணி எழுதினேன். செங்கல்லையும் எண்ணினேன்.

முதலில் என் இடம். தீக்குச்சி மூன்று அணைந்தது. நான்காவதில் திரி பற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் போய்விட்டது. மறுபடி ஏற்றினேன். ஐந்து. மறுபடி. இரண்டு. சோளக்காட்டிலிருந்து காற்று நேராக என் முகத்தில் மண்ணை வாரி வீசியது.

பிறகு மதிலோரம். முதல் குச்சியிலேயே பற்றியது. சுடர் லேசாகத் தலை சாய்த்தது, நிமிர்ந்தது, நின்றது. நூறு வரை எண்ணினேன். அணையவில்லை. அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "என்ன கண்ணு, எத்தன?" என்று கேட்டார். "நூறுக்கு மேலங்கம்மா" என்றேன். என் குரல் இறங்கியிருந்தது. ஆறு தப்படியும் திருச்சியும் வீணாகிவிட்டன. ஆனால் எண்ணியது எண்ணியதுதான்.

மத்தியானம் அப்பா தறிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தார். தாளை நீட்டினேன். அவர் வாசற்படியிலேயே நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பொடக்காளியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன புள்ள, சனிக்கெழமையா?" என்றார். எங்கள் வீட்டில் போர்வை துவைப்பது சனிக்கிழமை.

"வெயிலு நல்லாருக்குதுங்க" என்றார் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா என் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி, தாளின் கீழே ஏதோ எழுதி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சரி. மதிலோரமே கட்டிப்போடலாம். இஞ்சினீயரம்மாவே சொல்லிப்போட்டாங்களே." அப்படி அழைக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. தோற்ற துக்கம் அதில் பாதி போய்விட்டது.

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். பத்து நாளில் மேடை, தொட்டி, தகரக் கூரை, காரணம் தெரியாத அந்தத் திட்டு எல்லாம் எழும்பின. அம்மா எதையும் கூட்டவோ குறைக்கவோ சொல்லவில்லை. திட்டின் உயரத்தை மட்டும் இரண்டு தடவை ஏறி நின்று பார்த்தார். அரிசி மூட்டைக்காக இவ்வளவு கவனமா என்று நான் வியந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா பரணிலிருந்து சந்தகை அச்சை இறக்கச் சொன்னார். தேங்காய் துருவி, பால் பிழிந்து, வெல்லம் தட்டிப் போட்டார். ஒரு அடுப்பில் எலுமிச்சைச் சந்தகைக்குத் தாளிப்பு. எல்லாம் இருந்தது, மாவு இல்லை. "அம்மா, இட்லியே ஊத்தல" என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. தறிகள் நின்ற நாள், எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

"அம்மணி, வெந்துருச்சு. கை நீட்டு. சூடு, பாத்து."

அம்மா திட்டின் மேல் ஏறினார். சேலையைச் செருகிக்கொண்டு மதிலுக்கு மேல் இரண்டு கைகளையும் நீட்டினார். ஆவி பறக்கும் இட்லித் தட்டு ஒன்று இந்தப் பக்கம் வந்தது. நான் அதை வாங்கி அச்சில் போட்டேன். அம்மா இறங்கி வந்து அழுத்தினார். நூல்நூலாக இறங்கியது. பிழிந்ததில் பாதி ஒரு சம்படத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் போனது. காலித் தட்டும் போனது. அடுத்த தட்டு வந்தது. பெரியம்மா நல்ல உயரம், அவருக்குத் திட்டு தேவைப்படவில்லை. "ரெண்டு வருசமா இந்தக் குண்டால துணி ஊறப் போட்டுட்டிருந்தேன் அம்மணி" என்றார். "நீங்க குண்டாலயாவது ஏதோ போட்டீங்க. என்ற அச்சுல எலி குடும்பமே நடத்திருச்சுங்கக்கா" என்றார் அம்மா. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கோழிகள் கூண்டுக்குள் ஓடின.

அப்பா பின்கதவுப் படியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வெகுநேரமாக ஒரே பக்கத்தைப் படித்தார். அப்போது அந்தப் பக்கமிருந்து ஒரு தொண்டைச் செருமல். பெரியப்பா.

"ஏனுங்க அம்மணி, தேங்காப்பால்ல ஏலக்கா போட்டீங்களா?"

கேள்வி அம்மாவுக்கு. அம்மா அச்சை அழுத்தியபடியே நின்றார். நான் சொல்லப் போனேன். என் காலை மெதுவாக மிதித்தார்.

செய்தித்தாள் மடங்கும் சத்தம் கேட்டது.

"போட்டிருக்குதுங்கண்ணா" என்றார் அப்பா.

"செரி, செரி" என்றது மதில்.

அவ்வளவுதான் அன்றைக்கு. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் நீண்டது. கிறிஸ்துமஸ் வருவதற்குள் மதிலின் பின்பக்க ஓரத்தில் கற்களை எடுத்து, ஆள் போகிற அளவுக்கு வழி விட்டுவிட்டார்கள். நான் படத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே, ஆடி மாதத்தில் எனக்கு ஒரு தலைவலி வந்தது. காற்று முழு வேகத்தில் அடித்தபோது மதிலோர அடுப்பும் அணைந்தது. என் சோதனை எப்படிப் பொய்யாயிற்று என்று கேட்டுக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் எண்ணெய் டின்கள் நான்கை வெட்டி விரித்து, மேடைக்கு மேற்கே ஒரு தடுப்பாக அடித்துக்கொடுத்தார்.

"காத்து மாறிருச்சு கண்ணு" என்றார்.

நான் அதையும் எழுதிவைத்தேன்.

போன வாரம் எங்கள் புது வீட்டுக்கென்று அச்சைக் கொடுத்தனுப்பிய அம்மா, அதைச் சுற்றிய பழைய போர்வைக்குள் ஒரு ஃபைலையும் வைத்திருந்தார். உள்ளே அந்த கிராஃப் தாள், மடிப்பில் பழுப்பேறி. ஒரு சதுரத்துக்கு ஒரு அடி. மேற்கிலிருந்து காற்றுக்கு அம்புக்குறிகள் போட்டிருந்தேன். அவை பொடக்காளியைக் கடந்து கொடிக்கயிறு வரை வருகின்றன. கொடியில் ஏழு நீண்ட செவ்வகங்கள், "போர்வை 7, ஈரம்." அவற்றின் காலடியில் சின்னச் சதுரங்கள், "செங்கல் 14." போர்வைகளுக்கும் மதிலுக்கும் நடுவே, காற்றுப் புகாத அந்த ஏழெட்டு அடியில், ஒரு வட்டம், "மெழுகுவர்த்தி 2." அம்மா கட்டிய தடுப்பை அளவு தவறாமல் வரைந்து, எண்ணிக்கையும் எழுதி, அப்பாவின் கையில் நானேதான் கொடுத்திருக்கிறேன். வாசற்படியில் நின்று அவர் அவ்வளவு நேரம் பார்த்தது இதைத்தான்.

திட்டின் கணக்கையும் இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அதோடு ஒன்றரை அடி. மதிலின் விளிம்புக்குத் தோள் வரும், கைகளைத் தடையில்லாமல் நீட்டலாம்.

தாளின் கீழே என் பதினோரு வயதுக் கையெழுத்தில் முடிவு இருக்கிறது. "கிழக்கு மதிலோரம் காற்று அடிப்பதில்லை. காரணம் தெரியவில்லை." அதற்கும் கீழே, சிவப்பு மையில், அப்பா "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.